எக்ஸ்பிரஸ் நட்ட நந்தியாவட்டை

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? இது உச்சி வெயில். மணி பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற நீளமான சாலை... இரண்டு பக்கமும் மதில். ஒரு மரம் கிடையாது. படுத்துக் கிடக்க ஒரு நாய் கூட கிடையாது. உருகின தாரில் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம்... பட்... பட்... அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நடந்து போகிறவன் என் கூட்டாளி. ஒயர்மேன். நான் முன்னால் வேலை பார்த்த கம்பெனியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவன். தோளில் ஒரு சுருள் கயிறு. அவனுடைய மாமா, அதாவது அவன் அம்மாவின் தம்பி, போன் பண்ணிக் கேட்டிருந்தார். "உச்சிக்குள்ள வந்துடு மாப்ள. நீ மேல நின்னு கயித்தப் பிடிச்சாப் போதும்." பஸ் கழுத்தறுத்துவிட்டது. லேட்டாகிவிட்டதே என்று வியர்க்க வியர்க்க நடக்கிறான்.

அவன் நடக்கட்டும். அவன் போய்ச் சேருவதற்குள் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த எமர்ஜென்சி விளக்கை இப்படி நடுவில் வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. யார் அங்கே சிரிக்கிறது, பேக்கிங் செக்‌ஷன் பையனா? சிரி, சிரி. கதை முடிந்ததும் கை கழுவ நீ தனியாகத்தானே போக வேண்டும்.

மாமா பிளம்பர். அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். நிற்க மாட்டார், உட்கார மாட்டார், காத்திருப்பது என்றால் அவருக்குக் கசப்பு மருந்து. குழாய் ஒழுகுகிறது என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சுவரை உடைத்திருப்பார். எந்தச் சுவர் என்பதை அப்புறம்தான் கேட்பார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவது கிடையாது, உதறுவதுதான். ஒன்று இந்த மூலையில்... தடக். இன்னொன்று அந்த மூலையில்... தடக். "ரெண்டையும் ஒண்ணா விட்டா கால் தேஞ்சிடுமா?" என்று அத்தை உள்ளேயிருந்து தினமும் கேட்பாள். அவர் தினமும் பதில் சொல்ல மாட்டார்.

அத்தை நேர் எதிர். சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். அந்தக் கூண்டு தெரியும் அல்லவா, ஒரே ஒரு சின்ன ஓட்டை, அதில் கை மட்டும் வெளியே வரும். மாமா முதன்முதலில் பார்த்தது அவளுடைய அந்தக் கையைத்தான். கண்ணாடி வளையல் போட்ட கை, டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. முகத்தைப் பார்க்க அவர் அந்த ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். எக்ஸ்பிரஸ் வாழ்க்கையில் பொறுமையாக வரிசையில் நின்றது அந்த ஒரு காலத்தில்தான்.

கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சண்டை என்றால் பெரிய சண்டை இல்லை. ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்டுக் குறுக்கே குறுக்கே போய்க்கொள்வார்கள். மார்க்கெட்டில் அவளைக் காணோம் என்று இவர் முன் வாசல் வழியாக உள்ளே தேடிப் போவார். அவள் இவரைக் காணோம் என்று பின் வாசல் வழியாக வெளியே வந்திருப்பாள். ஒருத்தர் ஒரு இடத்தில் நின்றால் போதும், இன்னொருத்தர் வந்துவிடலாம். அந்த ஒன்று மட்டும் அவர்களால் முடிந்ததே இல்லை.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்கட்டில் ஒரு செடி. அடுக்கு நந்தியாவட்டை. எப்போதும் பச்சையாக இருக்கும், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, வாசனை. மாமாவோ பின்கட்டு முழுக்க சிமெண்ட் போட்டு மெழுகி வைத்திருந்தார், அடியில் பைப் போகிறது, வேர் போய் உடைத்துவிடும் என்று. "அடுத்த மாசம் கொத்தித் தர்றேன்" என்பார். அடுத்த மாதம் எத்தனையோ வந்து போனது. அடுத்தவன் வீட்டுத் தோட்டத்தையெல்லாம் தோண்டுகிற கை, சொந்த வீட்டில் ஒரு சதுரம் கொத்த வலிக்கிறது. பிளம்பர் வீட்டுக் குழாய் சொட்டும் என்பார்களே, அவர் வீட்டுச் சமையலறைக் குழாயும் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. டொக்... டொக்... டொக்... அதை நிறுத்துகிற சூட்சுமம் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பின்னால் திருகி, பிடியை மேலே ஒரு இழுப்பு இழுத்து, அப்புறம் இறுக்க வேண்டும். மாமா தொட்டால் நிற்காது.

ஒருநாள் அத்தை தானே நர்சரியில் ஒரு குச்சியை வாங்கிக்கொண்டு வந்தாள், ஈரத்துணியில் சுற்றி. அது மூலையில் கிடந்தது. "நாளைக்கு நடலாம்" என்றார். அடுத்த நாளும் கிடந்தது. துணி காய்ந்தது. அத்தை கத்தவில்லை. ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க இத நட்டு, அது பூத்தாச் சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு வர்றேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

மாமாவுக்கு வந்ததே கோபம். அன்று மாலையே சிமெண்டைக் கொத்தினார், ஊரே அதிர. குச்சியை எடுத்தார். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நர்சரிக்காரர்கள் குச்சியை வெட்டும்போது ஒரு முனையைச் சாய்வாகவும், ஒரு முனையை நேராகவும் வெட்டுவார்கள். சாய்வு மண்ணுக்குள் போகவேண்டிய பக்கம். நேர் முனை மேலே. இலையில்லாத குச்சிக்குத் தலை எது கால் எது என்று வேறெப்படித் தெரியும்? மாமா பிளம்பர். ஒரு முனை கோணலாக இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெட்டத் தெரியாத பயலுங்க." பைப் அறுக்கிற ரம்பத்தை எடுத்து அந்தச் சாய்வை நேராக அறுத்து எறிந்தார். சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்தது. அதைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, கைக்கு வந்த பக்கமாக மண்ணில் சொருகினார். குழாய்க்கு ஏது தலை, கால்? எந்தப் பக்கம் மாட்டினாலும் தண்ணீர் வரும்.

குச்சி பிழைத்தது. அதுதான் வினை. செத்துத் தொலைந்திருந்தால் இன்னொன்று வாங்கியிருப்பார். தளிர் விட்டது, இலை விட்டது, இடுப்பு உயரம் வளர்ந்தது. பளபளவென்று கரும்பச்சை. ஆனால் பூ? ஒரு மொட்டு கிடையாது.

மாமா யூரியா போட்டார். எலும்புத் தூள் போட்டார். டீத்தூள் போட்டார், முட்டை ஓடு போட்டார், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார், பூனைகள்தான் வந்தன. பக்கத்து வீட்டம்மா வீட்டிலும் அதே நந்தியாவட்டை இருந்தது. அந்தம்மா துணி அலசின சோப்புத் தண்ணீரை அதன் தலையில் கொட்டுவாள், அது தாங்க முடியாத அளவுக்குப் பூத்துத் தள்ளியது. "என்ன போடுறீங்க?" என்று மாமா மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டார். "ஒண்ணுமே போடுறதில்லண்ணே, அதுபாட்டுக்குப் பூக்குது." அன்று ராத்திரி மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு கூத்து. அந்தச் செடியின் கிளை ஒவ்வொன்றும் வளைந்து வளைந்து மண்ணைப் பார்த்துத்தான் வளர்ந்தது. இவர் இரும்புப் பைப்பை நட்டு, கிளாம்ப் போட்டு நிமிர்த்திக் கட்டுவார். காலையில் பார்த்தால் கிளாம்புக்கு மேலே உள்ள பாகம் மறுபடி கீழே குனிந்திருக்கும். அவர் விடாக்கண்டன், அது கொடாக்கண்டன். ஒருநாள் மருமகனிடம், அதாவது என் கூட்டாளியிடம், கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

"நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்டா. பூக்க மாட்டேங்குது."

"நர்சரில பூவோட ஒரு தொட்டி வாங்கி வச்சுட்டு, அத்தைக்கு போன் போடுங்க மாமா."

"பொய்ப் பூவுக்கு அவ வர மாட்டா. எனக்குத் தெரியும் அவள."

கடைசியில் ஒருநாள் அவருக்கே வெறுத்துப்போனது. பூவாவது மண்ணாங்கட்டியாவது, நேரில் போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினார். அதே நாள், அதே உச்சி வேளை, அத்தைக்கும் வெறுத்துப்போயிருக்கிறது. பூவாவது ஒன்றாவது என்று அவளும் கிளம்பியிருக்கிறாள். இவர் அந்தப் பக்கம் போகிற பஸ். அவள் இந்தப் பக்கம் வருகிற பஸ். பாலத்துக்குப் பக்கத்தில் இவர் பஸ் வெகுநேரம் நின்றது. எதிர்ப்புறம் ஒரு பஸ்ஸும் லாரியும் மோதி, ஒரே கூட்டம். எக்ஸ்பிரஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "எவன்யா ரோட்ட மறிச்சிட்டு நிக்கிறது? ஓரமா எடுத்துப் போட்டுட்டு வழிய விடுங்கய்யா."

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். "இப்பத்தானே உங்க வீட்டுக்குக் கிளம்பினா... நீங்க பார்க்கலையா?" என்றாள் அத்தையின் அக்கா.

...

அதற்கு அப்புறம் மாமா கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை. மருமகன் போய்ப் பார்க்கும்போதெல்லாம் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். எல்லாரும் அதைப் பிடுங்கி எறியச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. முன்னைவிட அதிகமாகத் தண்ணீர், முன்னைவிட அதிகமாக உரம். "பூத்தா வர்றேன்னு சொல்லியிருக்கா" என்பார். செத்தவர்கள் எப்படி வருவார்கள் என்று அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

மழை வந்து போனது. வெயில் வந்து போனது. செடி இலையாகத் தள்ளியது. மாமா அதைத் திட்ட ஆரம்பித்தார். மனுஷரைத் திட்டுவதுபோல, மானம் ரோஷம் இருக்கா உனக்கு, தின்னத் தெரியுதுல்ல என்று. பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

அப்புறம்தான் வாசனை வந்தது.

உச்சி வேளை. மாமா குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். தரையில் தண்ணீர் போகிற சல்லடை இருக்கிறதல்லவா... அதிலிருந்து கம்மென்று பூ வாசனை. நந்தியாவட்டை. ஈர மண் வாசனையும் கலந்து. சாக்கடை வாசனையில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் தெரிந்த மூக்கு அது. எலி செத்தது, எண்ணெய் அடைத்தது, மூடி உடைந்தது, எல்லாம் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பூ வாசனை வருகிற சாக்கடையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பின்கட்டுக்கு ஓடினார். செடியில் பூ இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தார். அங்கேயும் அப்போது பூ இல்லாத பருவம். கொஞ்ச நேரத்தில் வாசனை நின்றுவிட்டது. மறுநாள் உச்சிக்கு மறுபடி வந்தது.

அந்த மனுஷருடைய எரிச்சலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இத்தனை காலம் எந்த வாசனைக்காகத் தவம் கிடந்தாரோ, அது வருகிறது, சாக்கடை வழியாக. பூ மட்டும் இல்லை. சல்லடையைக் கழற்றினார். பைப்பைக் கழற்றினார். ஆசிட் ஊற்றினார். ஒவ்வொரு மூட்டாகப் பிரித்து முகர்ந்துகொண்டே போனார், ஒழுகலைத் தேடுவதுபோல. பைப் குளியலறையை விட்டு வெளியே வந்து, பின்கட்டில் சிமெண்டுக்கு அடியில் திரும்பி, செடிக்குப் பக்கத்தில் ஒரு மூட்டு. அங்கேதான் வாசனை தூக்கி அடித்தது.

கடப்பாறையை எடுத்தார். செடிக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தினார். இரண்டாவது குத்தில் கடப்பாறை கையை விட்டு உள்ளே விழுந்தது.

அடியில் வெற்றிடம்.

பைப் ஒழுகினால் மண் அரித்துப் பொந்தாகும், அவர் பார்க்காததா. ஆனால் இது ஈரமில்லாமல், பானைக்கு உள்பக்கம்போல் வழவழவென்று இருந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி டார்ச்சை அடித்தார். மேலேயிருந்து நந்தியாவட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேர் இல்லை. கிளை. இலை. பூ. கொத்துக் கொத்தாக, அடுக்கடுக்காக, இருட்டில் வெள்ளை வெளேரென்று... எல்லாம் கீழே பார்த்து.

அப்போதுதான் அவருக்கு அந்த ரம்பம் ஞாபகம் வந்தது. சாய்வாக இருந்த முனை. தலைகீழாக நட்டிருக்கிறார். கால் மேலே, தலை கீழே. மேலே நின்று இத்தனை நாள் அவர் திட்டியது அதன் காலை.

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார். டார்ச் வெளிச்சம் பட்ட பூவெல்லாம் கண்ணெதிரே பழுப்பேறிச் சுருங்கியது. இன்னொன்றையும் பார்த்தார். பாதிக் காம்புகளில் பூ இல்லை. உதிரவில்லை. நகத்தால் கிள்ளியிருந்தது, பெண்கள் கிள்ளுவார்களே, அப்படி. கிள்ளின இடத்தில் பால்... இன்னும் காயவில்லை. ஒரு சொட்டு அவர் பார்க்கும்போதே கீழே விழுந்தது.

பலகையைப் போட்டு, மண்ணைத் தள்ளி, அவசர அவசரமாக மூடினார். மூடும்போது ஒரு அரை இஞ்சுப் பைப்பை மட்டும் உள்ளே விட்டு, நுனியை வெளியே நிறுத்தினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிளம்பர், பைப் விட்டார்.

மறுநாள் உச்சிக்கு அந்தப் பைப்பின் வாயில் ஒரு பூ இருந்தது. கசங்கி, நசுங்கி, ஈரமாக. அரை இஞ்சுக்குள் அடுக்கு நந்தியாவட்டை எப்படி முழுசாக வரும்?

பைப்பை மாற்றினார். நாலு இஞ்சு.

மருமகன் அந்தச் சமயத்தில் ஒரு தடவை போயிருக்கிறான். மாமா சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதே எரிச்சல். ஒரு கிண்ணம் நிறைய நந்தியாவட்டை பக்கத்தில்.

"வந்துட்டாடா" என்றார். "பூத்தா வர்றேன்னா, வந்துட்டா. நான்தான் தப்பான பக்கத்துல உக்கார்ந்திருக்கேன்."

"மாமா, டாக்டர்கிட்டப் போலாமா?"

"போடா. தினமும் கைய நீட்டுறா. பூவ வச்சுட்டு உள்ள போயிடுறா, டிக்கெட் கொடுக்குற மாதிரி. பேசினா பதில் இல்ல. வாடின்னா வர மாட்டேங்கிறா. நான் என்னதான் பண்றது?"

மருமகன் அவரைச் சமாதானப்படுத்த அந்தப் பைப்பை எட்டிப் பார்த்தான். உள்ளே இருட்டு. வாசனை. வெயில் சாய்வாக விழுந்ததில் பைப்பின் உள்பக்கம் தெரிந்தது. புதுப் பைப், வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பைப். அதன் உள்சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாக... வளையல் உரசினால் விழுமே, அப்படி. வாய் வரைக்கும் வந்திருந்தது. அவன் அன்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அதற்கு அப்புறம்தான் அந்த போன். "சிமெண்ட் உறை வாங்கிட்டேன் மாப்ள." செப்டிக் டேங்குக்கு இறக்குவார்களே, ஒரு ஆள் உள்ளே நிற்கிற அகலத்தில், அந்த உறை. "அவ வர்ற மாதிரி தெரியல. நானே இறங்கிக் கூட்டிட்டு வந்துடுறேன். நீ வந்து கயித்தப் பிடி."

"கொஞ்சம் பொறுங்க மாமா. நான் வர்ற வரைக்கும் இறங்காதீங்க."

"சரி சரி, பொறுக்குறேன்."

எக்ஸ்பிரஸாவது, பொறுப்பதாவது. வெட்டிக்கொண்டு வா என்றால் கட்டிக்கொண்டு வருகிற ஆள்.

இப்போது நம் ஆள் சாலையில் நடந்துகொண்டிருந்தானே... அவன் வீட்டை அடைந்துவிட்டான். வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... பழகின சத்தம். கூப்பிட்டுப் பார்த்தான். பின்கட்டுக்குப் போனான்.

வெளிச்சம் படாமல் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. அடியில் மாமா உறைகளை இறக்கி வாய் விளிம்பைச் சுத்தமாகப் பூசியிருந்தார். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு செருப்பு இந்தப் பக்கம், ஒரு செருப்பு அந்தப் பக்கம். தண்ணீர்க் குழாயில் பழைய கயிறு ஒன்றைக் கட்டி உள்ளே விட்டிருந்தது. மருமகன் கயிற்றைத் தொட்டான். தொளதொளவென்று தொங்கியது. பாரம் இல்லை.

"மாமா..."

வாசனை மட்டும் வந்தது. நிறைய.

"மாமா, நான் வந்துட்டேன். மேல வாங்க."

அப்போது அவனுக்கு ஒன்று உறைத்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. ஏதோ குறைந்ததுபோல இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

கொஞ்சம் பின்னால் திருகி, மேலே ஒரு இழுப்பு... கிரீச் என்று இறுக்கின சத்தம்கூடக் கேட்டதாகச் சொன்னான். சமையலறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. கம்பிக்குள் இருட்டு. வெயிலில் நின்ற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. வளையல். நகக்கண்ணில் மண்.

"யாரு, தம்பியா?"

அத்தையின் குரல். ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் சலிப்பு, அவ்வளவுதான்.

"உங்க மாமா கீழ இறங்கிட்டாரா?"

மருமகன் தோளில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"பூத்தா வர்றேன்னு சொன்னேன்ல. கெளம்பி வர்ற வரைக்கும் ஒரு எடத்துல இருக்கக் கூடாதா இந்த மனுஷன்? என்னிக்குத்தான் பொறுத்திருக்கார்..." ஜன்னல் கம்பியில் வளையல் உரசியது. "நீ கொஞ்சம் எட்டிக் கூப்பிடு தம்பி. நான் வந்து உக்கார்ந்திருக்கேன்னு சொல்லு."

அவன் திரும்பினான். அவன் திரும்ப நினைக்கவில்லை, கழுத்து தானாகத் திரும்பியது என்றான். உறைக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, பைப்புக்குள் பேசினால் கேட்குமே அந்த மாதிரி... மாமா.

"மாப்ள... டேய், மாப்ள... இங்க அவளக் காணோமேடா."

ஒரே ஒரு வார்த்தை. 'அத்தை மேல இருக்காங்க' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றது அந்த ஒரு தடவைதான். நாக்கு புரளவில்லை அவனுக்கு. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். வாசலில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல், அந்த நீளச் சாலை முழுக்கக் கொதிக்கிற தாரில். உள்ளங்கால் தோல் உரிந்தது பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

சாயங்காலம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். உறைக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். ஆள் இல்லை. பொந்தும் இல்லை, அடியில் கெட்டி மண். இன்னும் ஆழமாகத் தோண்டியும் பார்த்துவிட்டார்கள். வீட்டிலும் யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடன் தொல்லையில் ஓடிப்போயிருப்பார் என்று ஒருத்தர் சொன்னார், ஆற்றில் விழுந்திருப்பார் என்று ஒருத்தர். மருமகன் ஜன்னலைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடம் சொன்னதே ரொம்ப நாள் கழித்து, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு. திரும்பிப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயேன் என்றேன். "நீ போறியா?" என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மா மட்டும்தான் அந்தப் பக்கம் காது கொடுக்கிற ஆள். அந்தம்மாதான் சொன்னது. நாள் முழுக்க உள்ளே குழாய் சொட்டும். உச்சி வேளைக்கு நின்றுவிடும். யாரோ மூடிவிட்டு உட்கார்ந்து காத்திருப்பதுபோல், கொஞ்ச நேரம் வீடு அப்படியே அமைதியாக இருக்குமாம். அப்புறம், காத்திருந்தவர் எழுந்து போய்விட்டதுபோல், மறுபடியும் சொட்ட ஆரம்பிக்கும்.

அது சொட்ட ஆரம்பித்த கையோடு, பின்கட்டில் சத்தம் கேட்குமாம். ஒரு செருப்பு இந்த மூலையில்... தடக். இன்னொன்று அந்த மூலையில்... தடக்.